மின்சார காரில் சீட் ஹீட்டர் பழுது: கம்பெனியா, குஷன் கடையா, புதுப்பேட்டையா?

சென்னை வெயிலுக்கு எதற்கு சீட் ஹீட்டர் என்று நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். அக்காவுக்கு இடுப்பில் டிஸ்க் பிரச்சினை வந்த பிறகு கேட்பதில்லை. அடையாறிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் அவளே மின்சார காரை ஓட்டிப் போகிறாள். மே மாதம் வெளியே அனல், உள்ளே ஏசி இல்லாமல் முடியாது. ஏசி ஓட ஓட இடுப்பு இறுகும். ஹீட்டரைக் குறைந்த அளவில் வைத்துக்கொண்டால் துரைப்பாக்கம் தாண்டுவதற்குள் வலி கொஞ்சம் இளகிவிடும் என்பாள்.

அவள் காரில் ஹீட்டர் ஒருநாள் நின்றது. அதைப் பார்த்துக் கொடுத்த விஷயம் பரவி, அடுத்த சில மாதங்களில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "கம்பெனியில் குஷனையே மாற்றணும் என்கிறார்கள். வெளியில் கேட்டால் ஒரு ஹீட்டர் பேட் போட்டால் போதும் என்கிறார்கள். எதைச் செய்வது?" ஒருவர் என் நண்பர், ஊட்டியில் பெற்றோர் இருக்கிறார்கள், அடிக்கடி போய் வருபவர். இன்னொருவர் அறுபதைத் தாண்டிய சர்க்கரை நோயாளி. மூன்றாமவர் இரண்டு வருடத்தில் காரை விற்கப் போகிறவர். மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் மூவரும் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்.

பேட் விலை பெரிய விஷயமே இல்லை. சீட்டைத் திறப்பதுதான் செலவு, சீட்டைத் திறப்பதுதான் ஆபத்து. ஆகவே எந்த பேட் என்பதைவிட, சீட்டை யார் கையில் கொடுக்கிறோம் என்பதை முதலில் யோசியுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

சீட் உறைக்கும் ஃபோமுக்கும் நடுவே மெல்லிய பேட் ஒன்று இருக்கும். அதற்குள் மெல்லிய கம்பியோ கார்பன் இழையோ ஓடும். மின்சாரம் பாய்ந்தால் அது சூடாகும், இஸ்திரிப் பெட்டி மாதிரிதான். கூடவே சூட்டை அளக்க ஒரு சின்ன சென்சார். அது சொல்வதைக் கேட்டு, சீட்டுக்கு அடியிலோ டாஷ்போர்டுக்குள்ளோ இருக்கும் கண்ட்ரோல் யூனிட் மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும்.

மின்சார கார் என்றதும் பலருக்கு ஷாக் பயம். சீட் ஹீட்டர் பெரிய பேட்டரியின் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் ஓடுவதில்லை. ஹெட்லைட்டும் மியூசிக் சிஸ்டமும் ஓடுகிற அதே 12 வோல்ட் லைன்தான். பெரிய வோல்ட்டேஜ் போகும் கேபிள்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், அவற்றுக்கு இந்த வேலையில் இடமே இல்லை. கவலைப்பட வேண்டிய நிறம் மஞ்சள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் கார்களில், சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் ஒன்று தெரியும். அது ஏர்பேக் வயர். சீட்டைக் கழற்றுகிறவர் அதையும் கழற்றியாக வேண்டும்.

பேட்டரி சார்ஜைப் பொறுத்தவரை சீட் ஹீட்டர் ஒரு செலவே அல்ல. 50 வாட் பேட் ஒரு மணி நேரம் ஓடினால் 0.05 யூனிட். கிலோமீட்டருக்கு 150 வாட்-மணி எடுக்கும் காரில் அது சுமார் 330 மீட்டர் தூரத்துக்குச் சமம். காரையே சூடாக்கும் ஹீட்டர் 3 கிலோவாட் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் 20 கிலோமீட்டர் ஓடுவதற்கான சார்ஜ் போய்விடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அங்கே அடிக்கடி போகும் நண்பருக்கு சீட் ஹீட்டர் வெறும் சொகுசு இல்லை.

எதை வைத்து முடிவெடுப்பது

நான் இந்த வரிசையில்தான் பார்ப்பேன். முதலில் ஏர்பேக்: சீட்டைத் திறப்பவருக்கு அந்த மஞ்சள் கனெக்டரோடு பழக்கம் உண்டா? அடுத்தது சூட்டுக் கட்டுப்பாடு. புதிய பேட் தானாக நிற்குமா, இல்லை கையால்தான் அணைக்க வேண்டுமா? மூன்றாவது வாரண்டி. பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் தருகின்றன, மற்ற மின் பாகங்களுக்கு அதைவிடக் குறைவு. உங்கள் சீட் ஹீட்டர் எதில் வருகிறது என்று வாரண்டி புத்தகத்தைப் பாருங்கள். நான்காவது மொத்த பில். பேட் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கூலி, ஸ்கேன், 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்ததுதான் விலை. கடைசியாக, வருடத்தில் எத்தனை நாள் இதைப் போடுகிறீர்கள் என்பதை மனசாட்சியோடு எண்ணிப் பாருங்கள்.

கார் இன்ஷூரன்ஸில் கேட்கலாமே என்றார் ஒருவர். விபத்துக்குத் தருவார்கள். தானாக வந்த மின் பழுதுக்குத் தர மாட்டார்கள்.

செலவுக்கு முன்னால் ஒரு டார்ச் லைட்

அக்கா காரின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் பலருடைய கதையும் அங்கேயே முடிந்துவிடலாம்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்து, டிரைவர் சீட் ஹீட்டர் சர்க்யூட் அறுந்திருக்கிறது, குஷன் அசெம்பிளி மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். தொகையைப் பார்த்து அக்கா எனக்கு போன் செய்தாள். சாயங்காலம் போய் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, மண்டி போட்டு, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். புதிதாகப் போட்ட சீட் கவரின் எலாஸ்டிக் பட்டை ஒரு வயர்க் கொத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இழுப்பில் வெள்ளை கனெக்டர் ஒன்று பாதி வெளியே வந்து நின்றது. காரை அணைத்துவிட்டு, பட்டையை விடுவித்து, கனெக்டரை அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம். காரை ஆன் செய்து ஐந்து நிமிடத்தில் சீட் சூடானது. கவர் போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது என்று அப்புறம்தான் சொன்னாள்.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. சர்க்யூட் அறுந்திருக்கிறது என்றால் பேட் அறுந்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம். அது எங்கே என்று சொல்வது ஸ்கேனரின் வேலை இல்லை, ஆளின் வேலை.

ஆகவே முதலில் மேனுவலைப் பார்த்து சீட் ஹீட்டர் ஃப்யூஸை எடுத்துப் பாருங்கள். அப்புறம் சீட்டுக்கு அடியில் வயர்கள் நசுங்கியிருக்கிறதா, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும். ஹீட்டர் கனெக்டரைக் கழற்றி அளந்தால் நல்ல பேட் சில ஓம் காட்டும். 12 வோல்ட்டில் 48 வாட் எடுக்கும் பேட் என்றால் கணக்குப்படி 3 ஓம். எதுவுமே காட்டாவிட்டால் பேட் அறுந்துவிட்டது. மீட்டரின் முனையை மஞ்சள் கனெக்டரில் மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். அந்தச் சின்ன மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கக்கூடும்.

கருகல் வாசனை வந்தாலோ, ஓர் இடம் மட்டும் சுட்டாலோ, சோதனை எல்லாம் வேண்டாம். ஸ்விட்சை அணைத்து, ஃப்யூஸை எடுத்துவிட்டு, நேராக ஆளிடம் போங்கள்.

வழி 1: கம்பெனி சர்வீஸ் சென்டர்

ஏர்பேக் கேள்விக்கு இதுதான் நிம்மதியான பதில். 12 வோல்ட் பேட்டரி இணைப்பை எடுத்து, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து, பிறகே மஞ்சள் கனெக்டரில் கை வைக்க வேண்டும் என்பது அவர்கள் பயிற்சியிலேயே இருக்கிறது. வேலை முடிந்ததும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அழிக்கவும் ஸ்கேனர் அங்கேயே இருக்கிறது. ஒரிஜினல் பேட் என்பதால் பழைய ஸ்விட்சும் பழைய சூட்டுக் கட்டுப்பாடும் அப்படியே வேலை செய்யும். போன் ஆப்பில் ஹீட்டரைப் போடும் வசதி இருந்தால் அதுவும் பிழைக்கும்.

விலைதான் இடிக்கும். பல கார்களில் ஹீட்டர் பேட் தனியாக விற்பனைக்கே இல்லை. ஃபோமோடு ஒட்டியோ உறையோடு சேர்ந்தோ வருவதால் குஷனையே வாங்க வேண்டியிருக்கும். பேட் மட்டும் தனி பார்ட் நம்பரில் இருக்கிறதா என்று கவுண்டரில் ஒருமுறை அழுத்திக் கேளுங்கள். சில மாடல்களில் இருக்கும், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து முழுதாக வரும் கார் என்றால் பாகம் வரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். காரை அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். பாகம் வந்த பிறகு கொண்டுபோங்கள்.

வாரண்டியில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான் வழி. ஆனால் இடையில் வெளியில் யாரிடமும் சீட்டைத் திறந்து காட்டிவிடாதீர்கள்.

வழி 2: குஷன் கடையில் புது பேட்

சென்னையில் கார் பொருள் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்டால் எல்லா காருக்கும் பொருந்தும் கார்பன் ஃபைபர் பேட் செட் காட்டுவார்கள். உட்காரும் இடத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, கூடவே வயர், ரிலே, ஸ்விட்ச். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும் பொருள்.

நண்பரின் சீட்டைப் பிரித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். நாலு போல்ட்டைக் கழற்றி சீட்டை வெளியே எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, உறையை ஃபோமோடு பிடித்து வைத்திருக்கும் கம்பி வளையங்களைக் கட்டர் வைத்து ஒவ்வொன்றாக வெட்டினார் குஷன் கடை அண்ணன். உறை உரிந்ததும் பழைய பேட் தெரிந்தது. குஷனின் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்பு நிறத் தழும்பு, அதற்குக் கீழே ஃபோம் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. கம்பி அங்கேதான் அறுந்திருந்தது. முழுசாக அறுவதற்கு முன்னால் அந்த இடம் எத்தனை நாள் சுட்டிருக்கும் என்று நினைத்தபோது இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

அவர் கை நேர்த்தியில் குறை சொல்ல எதுவும் இல்லை. பத்து வருஷம் லெதர் தைத்த கை. ஆனால் குஷன் வேலை தெரிந்தவருக்கு வயரிங் தெரியும் என்று சொல்ல முடியாது. அதனால் இந்த வழியில் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, மின்சார கார் வேலை தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். கண்ணுக்குத் தெரியாத செலவுகள் இங்கேதான் அதிகம்.

புது பேடைப் பழைய ஹீட்டர் கனெக்டரில் வெட்டி ஒட்டக் கூடாது. காரின் கண்ட்ரோல் யூனிட் தனக்குத் தெரிந்த ஓம் அளவையும் சென்சாரையும் எதிர்பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் ஒன்று ஹீட்டரை நிறுத்திவிடும், இல்லை சூடு கட்டுப்பாட்டை மீறும். தனி ஃப்யூஸ், தனி ஸ்விட்ச், தனி வயர் என்றுதான் போட வேண்டும்.

அந்தத் தனி வயரைக் காரை ஆன் செய்தால் மட்டும் மின்சாரம் வரும் லைனில் கொடுக்க வேண்டும். எப்போதும் மின்சாரம் இருக்கும் லைனில் கொடுத்து, ஸ்விட்சை மறந்து இறங்கினால் 12 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிடும். பெரிய பேட்டரியில் 90 சதவீதம் சார்ஜ் இருந்தாலும், சின்ன பேட்டரி செத்தால் மின்சார கார் எழுந்திருக்காது.

வயரை இழுக்கவோ ஸ்விட்சைப் பொருத்தவோ தரையில் ஸ்க்ரூ போட யாரையும் விடாதீர்கள். பெட்ரோல் காரில் பழகிய கை தன்னால் டிரில்லை எடுக்கும். பெரும்பாலான மின்சார கார்களில் அந்தத் தகட்டுக்குக் கீழேதான் பேட்டரி படுத்திருக்கிறது.

சீட்டில் காற்று வரும் வசதியும் இருந்தால் இந்த வழியே வேண்டாம் என்பேன். ஒரிஜினல் பேடில் காற்று போக வழி விட்டிருப்பார்கள், வெளிப் பேட் அதை அடைத்துவிடும். சென்னையில் வருஷத்தில் பத்து மாதம் தேவைப்படுவது அந்தக் காற்றுதான்.

முன் இடது சீட் என்றால் இன்னொன்று. 2019 ஜூலையிலிருந்து நம் நாட்டில் முன் இருக்கைகள் இரண்டுக்கும் சீட் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சார் அந்தக் குஷனுக்குள் இருக்கும். அதன் மேல் பேடைத் தாறுமாறாக ஒட்டினால் எச்சரிக்கை குழம்பும்.

வழி 3: புதுப்பேட்டையில் பழைய சீட்

புதுப்பேட்டை என்றால் சென்னையில் பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் பாகமாக விற்கும் இடம். சொல்ல அதிகம் இல்லை, வேண்டாம். மின்சார கார்கள் இன்னும் அந்த அளவுக்கு உடைப்புக்கு வருவதில்லை, அதே மாடலின் அதே வேரியன்ட் கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைத்தாலும் அது எந்தக் காரிலிருந்து வந்தது என்று தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனை என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீரில் ஊறிய சீட்டின் உறையைத் துவைத்துக் காய வைத்துவிடலாம். உள்ளே இருக்கும் ஏர்பேக்கைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று யாரும் சொல்ல முடியாது.

வழி 4: மேலே போடும் ஹீட்டர் குஷன்

12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் குஷன். சீட்டைத் திறக்கவே வேண்டாம், அதனால் வாரண்டிக்கும் ஏர்பேக் வயருக்கும் பங்கம் இல்லை. இன்னொரு காருக்கும் எடுத்துப் போகலாம், வீட்டில் யார் ஓட்டினாலும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். வருஷத்தில் ஒரு மலைப் பயணம், எப்போதாவது வரும் இடுப்பு வலி என்றால் இதற்கு மேல் செலவு செய்யத் தேவையே இல்லை.

வாங்கும்போது முதுகின் பக்கவாட்டை மூடாத மாதிரியாகப் பாருங்கள், ஏர்பேக் பிதுங்கி வரும் வழி அது. அடியில் வழுக்காத துணியும் இறுக்கிக் கட்டும் பட்டையும் வேண்டும். பிரேக் போடும்போது குஷன் முன்னால் நழுவினால் சீட் பெல்ட் இடுப்பில் இருக்க வேண்டியது வயிற்றுக்கு ஏறிவிடும். வயர் பெடல் பக்கம் தொங்கக் கூடாது. அரைமணியில் தானாக அணையும் மாதிரி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை வாங்குங்கள்.

வழி 5: அப்படியே விட்டுவிடுவது

இதையும் ஒரு வழியாக எண்ண வேண்டும். ஃப்யூஸ் ஹீட்டருக்கு மட்டும் உரியதா என்று மேனுவலில் பார்த்து எடுத்து வைத்துவிட்டால் ஆபத்து முடிந்தது. சென்னையில் ஜனவரி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குளிருக்காக மட்டும் ஹீட்டரைப் போடுகிறவர் இதனால் இழப்பது ஒன்றுமில்லை.

| வழி | பேட், பாகச் செலவு | மறைந்திருக்கும் செலவு | யாருக்குச் சரி |
|---|---|---|---|
| கம்பெனி | மிக அதிகம் | காத்திருப்பு, முழுக் குஷன் விலை | வாரண்டி உள்ளவர், தினமும் பயன்படுத்துபவர் |
| குஷன் கடை | சில ஆயிரம் | எலக்ட்ரீசியன் கூலி, ஆப் வசதி இழப்பு, வாரண்டிச் சிக்கல் | வாரண்டி முடிந்து, நல்ல ஆள் கிடைத்தவர் |
| பழைய சீட் | பேரத்தைப் பொறுத்தது | நம்ப முடியாத ஏர்பேக் | யாருக்கும் இல்லை |
| மேல் குஷன் | குறைவு | நழுவல், தொங்கும் வயர் | எப்போதாவது தேவைப்படுபவர் |
| விட்டுவிடுவது | இல்லை | விற்கும்போது பேரம் | குளிருக்கு மட்டும் போடுபவர் |

அந்த மூவருக்கும் நான் சொன்னது

ஊட்டிக்குப் போகும் நண்பருக்கு வாரண்டி முடிந்திருந்தது, பேட் தனி பாகமாக அவர் மாடலில் இல்லை. குஷன் கடையும் எலக்ட்ரீசியனும் சேர்ந்து செய்யட்டும் என்றேன். மேலே நான் பார்த்ததாகச் சொன்னது அவர் சீட்டைத்தான். ஏர்பேக் கனெக்டரைக் கழற்றிய அன்று எலக்ட்ரீசியன் ஸ்கேனரோடு வந்திருந்தார், அந்த ஒரு நிபந்தனையில் நான் இறங்கி வரவில்லை.

காரை விற்கப் போகிறவருக்குக் கடைசி வழி. வாங்குகிறவரிடம் ஹீட்டர் வேலை செய்யாது என்று முன்பே சொல்லிவிட்டு அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னேன்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவருக்குச் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. அவருக்குக் கால் மரத்துப்போகும் தொந்தரவும் உண்டு. 44 டிகிரி சூடுகூடப் பல மணி நேரம் ஒரே இடத்தில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். உணர்ச்சி குறைந்த தோலுக்கு அது தெரியவே தெரியாது. ஒரிஜினல் பேட், அதுவும் குறைந்த அளவில் கால் மணி நேரம் மட்டும், டாக்டரிடம் கேட்டுவிட்டு, என்றேன். வெளிப் பேடும் மேல் குஷனும் அவருக்கு வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். வெந்நீர்ப் பையை வீட்டில் வைத்துக்கொள்கிறேன் தம்பி, காரில் வேண்டாம் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

காரை எடுக்கும்போது

எந்தக் கடையாக இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் பத்து நிமிடம் கேளுங்கள். காரை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும்; அணையாவிட்டால் வேலை முடியவில்லை. ஹீட்டரை முழு அளவில் வைத்து, உள்ளங்கையால் சீட் முழுக்கத் தடவிப் பாருங்கள், ஓர் இடம் மட்டும் அதிகம் சுடக் கூடாது. சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, பின்னால் தள்ளி, சாய்த்து, மறுபடி ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இடது சீட் என்றால் யாரையாவது உட்காரவைத்து பெல்ட் போடாமல் எச்சரிக்கை வருகிறதா என்று சோதியுங்கள்.

பழைய பேடைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே அறுந்திருக்கிறது என்று பாருங்கள். நண்பர் தன்னுடையதை வீட்டில் மேஜை மேல் விரித்தபோது, அந்தப் பழுப்புத் தழும்பைப் பார்த்து அவர் மகன்தான் முதலில் பேசினான். பின் சீட்டில் கிடக்கும் ஸ்கூல் பையை எடுக்க அவன் தினமும் முழங்காலை ஊன்றும் இடம் அது.